குடியற்ற மணல்தீவுகளும் அவற்றின் பெயர்களும்: மன்னார் வளைகுடாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களைப் பற்றிய ஆய்வு நெடிய மரபுடையது. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946இல் வெளிவந்தது முதல் இன்றுவரை மாவட்டவாரியாகவும் வட்டாரவாரியாகவும் ஊர்ப்பெயராய்வுகள் பல நிகழ்ந்துள்ளன. இவ்வாய்வுகள் பெரும்பாலும் மக்கள் நிலையாக வாழும் இடங்களையே களமாகக் கொண்டவை. ஊர் என்றாலே அங்கு உறைவோர் உளர். பெயரை வழங்குவோரும், அதன் பொருளை நினைவில் வைத்திருப்போரும், அது திரியும்போது திரிபுக்குக் காரணம் கூறுவோரும் அவர்களே.

எவரும் உறையாத ஓர் இடத்திற்குப் பெயர் எவ்வாறு அமைகிறது என்னும் வினா இம்மரபில் அதிகம் எழுப்பப்படவில்லை. கடலிடையே தோன்றும் சிறு மணல்தீவுகள் இவ்வினாவுக்கு நல்ல களமாகின்றன. குடிநீரும் பயிர்நிலமும் இன்மையால் அங்கு ஊர் அமைவதில்லை. எனினும் அவை பெயரற்றவை அல்ல. மீன்பிடிப்போரும், முத்தும் சங்கும் குளிப்போரும், பாசி சேகரிப்போரும், வழிபடச் செல்வோரும், ஆய்வாளரும் அங்குச் சென்று திரும்பியுள்ளனர். பெயர்கள் அவர்கள் இட்டவை. ஆகவே குடியற்ற தீவின் பெயர் என்பது அங்குச் சென்றுவந்தோர் எதற்காகச் சென்றனர், எதைக் கண்டனர் என்பதன் பதிவு எனலாம். இக்கருத்தை மன்னார் வளைகுடாத் தீவுகளையும் இராமர் சேதுவின் மணல்திட்டுகளையும் சான்றாகக் கொண்டு நிறுவுவதும், இதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு நேரும் கடப்பாட்டைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. உறைவோர் இருந்த தீவுகள்: மும்பையின் சான்று

ஒப்பீட்டிற்காக, குடியிருந்த தீவுகளின் பெயர்களுக்கு நேர்ந்ததை முதலில் காண்பது பயன்தரும். தமிழர் பெருந்தொகையினராக வாழும் மும்பை இதற்குத் தக்க சான்று. கொலாபா, சிறு கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வர்லி, மாஹிம் என்னும் ஏழு தீவுகள் 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையால் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஆங்கில அரசுக்குரியவாயின. 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஓடைகள் தூர்க்கப்பட்டன, கரைகள் எழுப்பப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயான் தரைப்பாலமும் 1845இல் மாஹிம் தரைப்பாலமும் வடக்கிலிருந்த சால்செட் தீவோடு இணைப்பை உண்டாக்கின. இன்று தமிழர் மிகுந்து வாழும் தாராவி மாஹிம் ஓடையின் சதுப்பு விளிம்பில் கோலியர் என்னும் மீனவ மக்களின் குடியிருப்பாக இருந்தது. செம்பூர் பண்டைய டிராம்பே தீவைச் சார்ந்தது. மாதுங்காவில் நிற்கும் ஒருவர்க்குத் தாம் தீவில் நிற்கிறோம் என்னும் உணர்வு இன்று தோன்றுவதற்கில்லை.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தீவுகள் மறைந்தன, பெயர்கள் மறையவில்லை. மாஹிமும் வர்லியும் பரேலும் தொடர்வண்டி நிலையங்களின் பெயர்களாகவும் வாக்காளர் பட்டியலின் பெயர்களாகவும் நிலைத்துள்ளன. பொருள் மங்கினாலும் வடிவம் நின்றது. 'சயான்' என்பதைக் கேட்போர் அதனை விவிலியச் சொல்லாக எண்ணக்கூடும். எல்லை என்னும் பொருளுடைய 'சீவ்' என்னும் மராத்தியச் சொல்லே அதன் மூலம். பம்பாய்த் தீவு முடியும் இடம் அது. மராத்தி பேசுவோர் இன்றும் அவ்வாறே வழங்குவதால் மூலப்பொருளை மீட்டெடுப்பது எளிதாகிறது. உறைவோர் உள்ளவரை பெயருக்குக் காவல் உண்டு என்பதே மும்பை தரும் பாடம். உறைவோர் இல்லாத தீவின் பெயருக்கு அக்காவல் இல்லை.

3. தமிழில் தீவுச் சொற்கள்

தமிழில் இன்று பொதுச்சொல்லாக வழங்கும் 'தீவு' வடமொழி 'த்வீப' என்பதன் வழிவந்தது என்பது மொழியியலாளர் பெரும்பாலோரின் கருத்து. இருபுறமும் நீருடையது என்பது அதன் பொருள். ஆற்றிடையே அமையும் நிலத்தைக் குறிக்கத் துருத்தி, அரங்கம் முதலிய சொற்கள் தமிழில் உண்டு. திருப்பூந்துருத்தி, திருவரங்கம் என்னும் தலப்பெயர்களில் அவை நிலைத்தன. அவ்விடங்களில் மக்கள் குடியேறியதால் பெயர்களும் நிலைத்தன எனலாம்.

நீரிடை மணல்மேட்டைக் குறிக்கத் திட்டு, திட்டை, திடர், திடல் என ஒரு சொற்குடும்பம் உள்ளது. உயர்ந்து திரண்டிருத்தல் என்பது இவற்றின் பொதுப்பொருள். இராமேசுவரம், மன்னார்க் கரைகளில் 'தீடை' என்னும் சொல்லும் வழங்குகிறது. தீவு என்னும் சொல் சூழ்ந்திருக்கும் நீரை நோக்கிப் பிறந்தது. திட்டு என்னும் சொல் நீரினின்று எழும் மேட்டை நோக்கிப் பிறந்தது. இவ்வேறுபாடு சிறியதன்று. படகோட்டிக்கு வேண்டியது மேடு எங்கே உயர்கிறது, எங்கே தாழ்கிறது என்னும் அறிவு. ஆகவே படகோட்டியின் சொல் திட்டு. வரைபடத்தின் சொல் தீவு.

செல்லுதலைக் குறிக்கும் வினையும் இங்குக் கருதத்தக்கது. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள் வரவும் தரவும் தன்மை முன்னிலைகளுக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் வரையறை. ஓரிடத்திற்கு 'வருகை தந்தார்' என்று கூறும்போது அங்கு வரவேற்போர் ஒருவர் உளர் என்பது குறிப்பு. குடியற்ற தீவிற்கு எவரும் வருகை தர இயலாது, செல்லவே இயலும். தமிழ் வழக்கில் இச்செயல் 'சென்றுவருதல்', 'போய்வருதல்' என இருவினைத் தொடராகவே அமைகிறது. அத்தொடரில் உள்ள 'வருதல்' தீவைச் சுட்டவில்லை; பேசுவோர் நிற்கும் கரையைச் சுட்டுகிறது. ஆயினும் ஆங்கிலச் செய்திகளைத் தழுவி எழுதுவோர் ஆளற்ற தீவிற்கும் அதிகாரிகள் 'வருகை புரிந்தனர்' என எழுதுவது இன்று இயல்பாகிவிட்டது.

4. இலக்கியச் சான்று: மணிபல்லவம்

சென்றுவருதலின் இரு பகுதிகளுள் ஒன்று குறைந்தால் என்ன நேரும் என்பதை மணிமேகலைக் காப்பியம் காட்டுகிறது. புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் உள்ளதாகக் கூறப்படும் மணிபல்லவத்தை நயினாதீவோடு ஒப்பிடுவோர் உளர். இக்கருத்தை ஏற்காதோரும் உளர். அத்தீவில் புத்த பீடிகையும் கோமுகிப் பொய்கையும் உண்டு. காவல் தெய்வமாகிய தீவதிலகை உண்டு. ஊர் இல்லை.

சாவக நாட்டிற்குக் கப்பலேறிய ஆபுத்திரன் வழியில் மணிபல்லவத்தில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று கருதி மரக்கலம் இரவில் புறப்பட்டுவிடுகிறது. அவனிடம் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி உள்ளது. உண்ண வருவோர்தாம் இல்லை. தான் மட்டும் உண்டு வாழ ஒருப்படாமல், பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்துறக்கிறான். உணவின்மையால் அன்று, உண்போர் இன்மையால் நேர்ந்த இறப்பு இது. குடியற்ற தீவின் இயல்பைத் தமிழ் இலக்கியம் இதனினும் கூர்மையாக எடுத்துக்காட்டியதாகத் தெரியவில்லை. மணிமேகலையோ அதே தீவிலிருந்து பாத்திரத்தோடு புகாருக்குத் திரும்புகிறாள். ஆபுத்திரனுடையது செலவு மட்டும், மணிமேகலையுடையது சென்றுவருதல். தீவைப் பற்றிய செய்தி கரைக்கு வந்து சேர்வது பின்னவரால்தான்.

5. மன்னார் வளைகுடாத் தீவுகளின் பெயர்கள்

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் கணக்கிடப்பட்டுள்ளன. தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என நான்கு தொகுதிகளாக இவை பகுக்கப்படுகின்றன. பவளப்பாறைகளின் மேல் அலைகள் குவித்த மணலும் உடைந்த பவளத் துண்டுகளும் இவற்றின் உடல். இவற்றுள் பெரியதாகிய முயல் தீவு ஏறத்தாழ 129 எக்டேர். மிகச் சிறியதாகக் குறிக்கப்பட்ட பூவரசன்பட்டி 0.25 எக்டேர். 1986இல் இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இத்தீவுகளின் பெயர்களுள் பொருள் தெளிவானவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

5.1 நீரைச் சுட்டும் பெயர்கள்

வேம்பார்த் தொகுதியில் நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என இரண்டு உள்ளன. இவை தனித்தனிப் பெயர்களாகத் தோன்றினும் ஒன்றையொன்று சார்ந்து பொருள் தருவன. ஒரு தீவில் குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. மற்றதில் ஊறுவது உவர்நீர். படகில் செல்வோர்க்கு இதனினும் இன்றியமையாத செய்தி இல்லை. இங்கு 'நல்ல' என்பது சிறப்பு நோக்கிய அடை அன்று. உவர்ப்பின்மையைக் குறிக்கும் இனஞ்சுட்டிய அடை. தமிழகம் எங்கும் பேச்சுவழக்கில் 'நல்லதண்ணிக் கிணறு' என்பது இப்பொருளிலேயே வருகிறது. இதனைப் 'சிறந்த நீர்த் தீவு' என்னும் பொருள்பட வேற்றுமொழியில் பெயர்த்தால் சொற்கள் பெயர்ந்தனவாகும், செய்தி பெயர்ந்ததாகாது.

5.2 தரையைச் சுட்டும் பெயர்கள்

காரியச்சல்லி, விலங்குச்சல்லி, புலுவினிச்சல்லி என்னும் பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'சல்லி' உடைந்த சிறு துண்டுகளைக் குறிப்பது. சாலைக்கு இடும் கருங்கல் துண்டைச் சல்லி என்பது உள்நாட்டு வழக்கு. இங்கு அது பவளத் துண்டு. ஆனைப்பார் என்பதில் வரும் 'பார்' கடலடியில் விரிந்துகிடக்கும் பாறைத் தளம். முத்துச்சிப்பி விளையும் இடங்கள் பார் என்றே வழங்கின. ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பு அறிக்கைகள் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்தாண்டன. ஈடான சொல் தம் மொழியில் இல்லை என்பதை அவ்வறிக்கையாளர் உணர்ந்திருந்தனர் எனக் கொள்ளலாம்.

மனோலிபுட்டி என்பதன் ஈற்றை, மேடு என்னும் பொருளில் ஈழத்து இடப்பெயர்களில் வரும் 'பிட்டி' என்பதோடு ஒப்பிடலாம். கற்பிட்டி இதற்குச் சான்று. இவ்வொப்பீடு பொருந்துமாயின் பூவரசன்பட்டி என்னும் பெயருக்கும் ஒரு விளக்கம் கிட்டும். 'பட்டி' என்பது சிற்றூரைக் குறிப்பது. கால் எக்டேர் பரப்புடைய, எவரும் வாழாத மணல்மேட்டிற்கு அது பொருந்துவதாக இல்லை. உள்நாட்டு எழுத்தர் ஒருவர் கைப்பட்டுப் 'பிட்டி' அல்லது 'புட்டி' என்பது 'பட்டி' ஆகியிருத்தல் கூடும். இது கட்டுரையாசிரியரின் ஊகமே. கரையோர வழக்கைக் களத்தில் கேட்டறிந்தே உறுதிசெய்ய வேண்டும்.

5.3 கண்டதைச் சுட்டும் பெயர்கள்

மண்டபத் தொகுதியிலுள்ள பெருந்தீவு எழுத்துத்தமிழில் முயல் தீவு எனப்படுகிறது. ஆங்கிலப் பட்டியல்கள் சிலவற்றில் 'முசல்' என்னும் வடிவமே இடம்பெறுகிறது. உயிர் உசிர் என்றும், மயிர் மசிர் என்றும் வருதல்போல, முயல் முசல் எனப் பேச்சில் யகரம் சகரமாதல் தென்தமிழ்நாட்டின் இயல்பு. பட்டியல் எழுதியவர் படகோட்டி கூறியதைக் கேட்டவாறே பதிந்துள்ளார் என்று கருத இடமுண்டு. தமிழ்ப் பட்டியல் அதனைத் திருத்தி எழுதியது. வட்டார வழக்கைத் தமிழ் ஆவணம் விடுக்க, ஆங்கில ஆவணம் காத்தது என்பது எண்ணத்தக்கது.

பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் பெயரைக் 'குருசடி' என்பதோடு ஒப்பிடலாம். குருசு போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். குருசடி என்பது சிலுவை நாட்டிய சிற்றாலயத்தைக் குறிக்கத் தென்கரைக் கத்தோலிக்கர் வழங்கும் சொல். 1530களில் முத்துக்குளித்துறைப் பரவர் கிறித்துவம் தழுவியபின் இத்தகைய சொற்கள் கரையெங்கும் பரவின.

6. ஆய்வாளரின் செலவும் ஒரு பெயரின் இழப்பும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மற்றொரு வகையினர் இத்தீவுகளுக்குச் செல்லத் தொடங்கினர். சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றிய குறிப்புகளை 1890இல் வெளியிட்டார். ஜேம்ஸ் ஹார்னெல் முத்து, சங்கு வளங்களின் பொறுப்பாளராக இருந்து எழுதினார். அவரது சங்கு பற்றிய நூல் 1914இல் வந்தது. 1927இல் எஃப். எச். கிரேவ்லியின் பொறுப்பில் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய அருங்காட்சியக வெளியீடு தோன்றியது. எவரும் வாழாத அத்தீவின் பெயர் அதனால் உலகின் விலங்கியலார் அறிந்ததாயிற்று.

இவ்வழியில் வந்த பெயர்களுள் ஒன்று மொழிபெயர்ப்பாளர் கருத்துக்குரியது. குருசடையை அடுத்துள்ள ஒரு தீவு ஆங்கிலத்தில் 'ஷிங்கிள்' தீவு எனப்பட்டது. கடற்கரையில் அலை ஒதுக்கிய கல்துண்டுக் குவியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. அதாவது, தமிழ் மீனவர் 'சல்லி' என்று கூறுவதற்கு ஏறத்தாழ நேரான சொல். அப்பெயர் இன்று தமிழில் சிங்கில் தீவு, சிங்கிள் தீவு என ஒலிபெயர்ப்பாகவே எழுதப்படுகிறது. இன்றைய தமிழ்ப் படிப்பாளர்க்குச் 'சிங்கிள்' என்பது ஒற்றை என்றே பொருள்படும். பிற தொகுதிகளில் மூன்று தீவுகளின் பெயரில் உள்ள தமிழ்ச்சொல், இங்கு ஆங்கில வேடம் பூண்டு திரும்பிவந்து வேறொரு பொருளில் வழங்குகிறது. ஒலிபெயர்ப்பு எப்போதும் பாதுகாப்பான வழி என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இது சான்று.

7. எண்ணே பெயரான திட்டுகள்

இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு முனையாகிய அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்திற்கு மணல்திட்டுகளின் தொடர் ஒன்று உள்ளது. சேது, இராமர் பாலம், ஆதம் பாலம் எனத் தொடர் முழுமைக்கும் பெயர்கள் பல. தனித்தனித் திட்டுகளை 'ஒன்றாம் திட்டு', 'இரண்டாம் திட்டு' என எண்ணாலேயே இந்தியக் கரையில் குறிக்கின்றனர். பருவக்காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் ஏற்ப இவற்றின் வடிவம் மாறுகிறது. சில வேளைகளில் எண்ணிக்கையும் மாறுகிறது. நிலைத்த வடிவம் இல்லாதவற்றிற்கு நிலைத்த பெயரும் இல்லை, வரிசையே பெயராகிறது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் தொடர்பு ஏற்பட்டபின் பயணிகளுக்கு இத்திட்டுகள் தொலைவில் தோன்றும் காட்சியாயின. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் அத்தொடர்பு அங்கிருந்து அற்றது. 1980கள் முதல் இத்திட்டுகளுக்கு வேறுவகை மனிதர் வந்துசேர்ந்தனர். இலங்கையில் போர் மூண்டபின் இந்தியாவுக்குத் தப்பிவந்த தமிழர்களுள் பலர் படகோட்டிகளால் இத்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டனர். 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் வெளியேறிய குடும்பங்களும் இவ்வாறே விடப்பட்டு, இந்தியக் கடலோரக் காவல்படையினரால் மீட்கப்பட்டன. நிழலும் நீரும் இல்லாத மணலில் குழந்தைகளோடு காத்திருந்தோர்க்கு அத்திட்டின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மீட்கச் செல்வோர்க்கு அந்த எண் தெரிந்தாக வேண்டும். மூன்றாம் திட்டை நான்காம் திட்டு எனப் பிழைபட மொழிபெயர்க்கும் ஒரு செய்திக்குறிப்பு உயிரிழப்புக்கும் காரணமாகலாம். பெயராய்வை வெறும் பழம்பொருள் ஆய்வாகக் கருதுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஆபுத்திரன் கதையில் மரக்கலத்தார் காலங்கடந்தே திரும்பிவந்தனர். இங்கு மீட்புப் படகு சென்று சேர்வது ஒரு சொல்லின் துல்லியத்தைப் பொறுத்தது.

8. சென்றுவருதலும் சட்டமும்

குடியற்ற தீவுகளைப் பற்றிய சொற்கள் அரசுகளுக்கிடையேயும் வழக்காகின்றன. 285 ஏக்கர் பரப்புடைய கச்சத்தீவு இதற்குச் சான்று. அது மணல்திட்டு அன்று. எனினும் நிலையான குடியிருப்பும் குடிநீரும் அற்றது. ஆண்டுக்கொருமுறை அந்தோணியார் திருவிழாவிற்கு இருகரை மக்களும் அங்குச் செல்கின்றனர். 1974 ஜூன் மாத இந்திய இலங்கை உடன்படிக்கை அத்தீவை இலங்கைப் பகுதியில் அமைத்தது. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் வழிபாட்டுப் பயணிகளும் இதுவரை போலவே பயண ஆவணமின்றிக் கச்சத்தீவுக்குச் சென்றுவர இடமளிக்கிறது.

இங்கு ஆங்கில மூலத்திலுள்ள சொல்லைத் தமிழில் 'சென்றுவர' என்பதா, 'பயன்படுத்த' என்பதா? மீனவர் அத்தீவுக்குச் சென்றது தீவைக் காண்பதற்கன்று. வலை உலர்த்தவும் இளைப்பாறவும், அதனைச் சூழ்ந்த கடலில் மீன்பிடிக்கவுமே சென்றனர். 1974இல் நாடாளுமன்றத்தில் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங், மீன்பிடி உரிமை உள்ளிட்ட மரபுரிமைகள் காக்கப்பட்டுள்ளன என்னும் பொருள்பட உரைத்தார். 1976ஆம் ஆண்டுக் கடிதப் பரிமாற்றமோ ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடற்பகுதியில் அனுமதியின்றி மீன்பிடித்தல் ஆகாது என்றது. 'சென்றுவருதல்' என்னும் சொல்லுக்குள் எவ்வெச் செயல்கள் அடங்கும் என்பதே அரைநூற்றாண்டுப் பூசலின் ஒரு கூறு. மீனவர் வழக்கில் அச்சொல் தொழிலை உள்ளடக்கியது. சட்ட வழக்கில் அது தொழிலைப் புறந்தள்ளியது.

உலக அளவிலும் இவ்வினா எழுந்துள்ளது. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 121ஆம் பிரிவு, ஏற்றவற்றத்தின் உயர்நிலையிலும் நீருக்கு மேல் நிற்கும் இயற்கை நிலத்தையே தீவு என்கிறது; மனித வாழ்வையோ தனக்கெனப் பொருளாதார வாழ்வையோ தாங்கவியலாத பாறைகளுக்குத் தனிப் பொருளாதார மண்டலம் இல்லை என்கிறது. வற்றத்தில் மட்டும் தோன்றும் மேட்டிற்கு அவ்வுடன்படிக்கை வேறு கலைச்சொல்லைக் கையாள்கிறது. தமிழில் இம்மூன்றையும் 'தீவு' என்றே எழுதினால் சட்டத்தின் உயிர்நாடி அறுபடும். 'வற்றுத்திடல்' என்பது போன்ற ஆக்கங்களுக்கு நம் சொற்குடும்பத்தில் இடமுண்டு. தென்சீனக் கடல் வழக்கில் நடுவர் தீர்ப்பாயம் 2016இல் வழங்கிய தீர்ப்பு, ஸ்பிராட்லித் திடல்களுக்கு மீனவர் வந்துபோனமை அங்குக் குடிவாழ்ந்தமை ஆகாது எனக் கொண்டது. சென்றுவருதலும் வாழ்தலும் வேறு என்னும் இத்தீர்ப்பு சட்ட அளவில் தெளிவானது. ஆனால் சென்றுவந்தோர்க்கும் அவ்விடத்தோடு உறவு உண்டு என்பதைப் பெயர்கள் காட்டுகின்றன. அவ்வுறவுக்குச் சட்டத்தில் சொல் இல்லை.

9. மூழ்கிய பெயர்கள்

மன்னார் வளைகுடாத் தீவுகளுள் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தமை இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. அலையைத் தடுக்கும் பாறை குறைந்தபோது, அப்பாறை காத்த மணலும் கரைந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவின் பரப்பு பழைய பட்டியலில் 16 எக்டேர்; 2010களின் நடுவில் அது 2 எக்டேர் அளவினதாகச் சுருங்கியது. அதன்பின் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி எஞ்சியதைக் காக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

தீவுகளின் எண்ணிக்கை மட்டும் 21 என்றே ஆவணங்களில் தொடர்கிறது. பொருளற்றுப்போன இரு பெயர்கள் எண்ணுக்குள் ஒளிந்து வாழ்கின்றன. மும்பையில் தீவு மறைந்தபோது அதன் மேல் மக்கள் வாழ்ந்தமையால் பெயர் நின்றது. இங்குப் பெயரைத் தாங்குவோர் கரையில் உள்ள மீனவரும், தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி சேகரிக்கும் பெண்களுமே. பூங்கா அறிவிக்கப்பட்டபின் தீவுகளில் இறங்க வனத்துறையின் இசைவு தேவை. உயிரினப் பாதுகாப்பிற்கு இத்தடை வேண்டுவதே. எனினும் செல்லாத இடத்தின் பெயர் நாவிலிருந்து மெல்ல நழுவும் என்பதையும் மறுப்பதற்கில்லை. அண்மைக்காலத்தில் குருசடைக்கு வனத்துறை நடத்தும் படகுப் பயணத்தில் செல்வோர் அறிவிப்புப் பலகையில் உள்ள பெயரையே அறிவர். பாசி எடுக்கும் பெண் அத்தீவின் ஒவ்வொரு முனைக்கும் ஓடைக்கும் வழங்கும் பெயரை அறியார்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. குடியற்ற தீவின் பெயர் நீர், தரை, ஆழம், வழிபாடு ஆகியவற்றைப் பற்றிச் சென்றுவந்தோர் விட்டுச்சென்ற செய்தி. ஆதலின் சல்லி, பார், புட்டி, திட்டு, தீடை முதலிய ஈறுகளைத் தீவு என்னும் ஒரே சொல்லில் கரைத்துவிடாமல் மொழிபெயர்ப்பில் காத்தல் வேண்டும். அப்பெயர் வேற்றுமொழி ஆவணத்தின் வழியே திரும்பும்போது ஒலியை மட்டும் நோக்காது, மூலத்தில் அது சுட்டிய பொருளை அறிந்து எழுதுதல் வேண்டும். மூன்றாவதாக, இப்பெயர்களின் பொருளை விளக்க வல்லோர் கரையூர்களில் இன்றும் உளர். அகராதித் துறையினரும் மொழியியல் மாணவரும் அவர்களிடம் சென்று, தீவுப் பெயர்களோடு முனைப்பெயர், ஓடைப்பெயர், பார்ப்பெயர் ஆகியவற்றையும் அவர்கள் ஒலிக்கும் வடிவிலேயே பதிவுசெய்தல் உடனடிப் பணி. விலங்குச்சல்லியின் மணலை இனி எவராலும் அளக்க இயலாது. அதன்மேல் கால்வைத்தோர் சிலர் இன்னும் இருத்தல் கூடுமாதலால், அது எதனால் அப்பெயர் பெற்றது என்று கேட்டறிய இன்னும் வாய்ப்புண்டு.